பதினோராவது ஓட்டை

துப்பாக்கி சுடும் போட்டி நாளில் லிஃப்ட்காரர் ஒரே ஒரு விரலுக்குத்தான் நகம் வெட்டுவார். வலது கை ஆள்காட்டி விரல். மற்ற ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். வேன் மேடு பள்ளமெல்லாம் குதித்துப் போய்க்கொண்டிருக்க, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஒற்றை நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முன்சீட்டிலிருந்து அணியின் கேப்டன் திரும்பிப் பார்த்து, "வீட்லயே வெட்டிட்டு வரக் கூடாதா?" என்றார். "வீட்ல வெட்டினா இங்க வர்றதுக்குள்ள வளந்துடும்" என்றார் லிஃப்ட்காரர், தலை நிமிராமல். வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வருடம் தவறாமல் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

வயது அறுபத்து மூன்று. அதில் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால், கதவில் காதை வைத்து, "உள்ள எத்தனை பேரு? யாரும் குதிக்காதீங்க. நான் வந்துட்டேன்ல, இனிமே பயப்படற வேலை என்னோடது" என்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அந்தக் குரலுக்கு அடங்கிவிடுவார்கள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும், நின்றதும் வெளியே கால் வைக்க மாட்டார். குனிந்து தரையும் லிஃப்டும் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். அரை விரல் ஏற்ற இறக்கம் இருந்தால் 'ச்சு' கொட்டுவார். "ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனா, படுத்திருக்கிறவரை விட்டுட்டு லிஃப்டை விசாரிச்சுட்டு வர்ற ஆளு" என்பது அவர் மனைவியின் புகார்.

போட்டிக்கு முந்தைய நாள் மதியத்திலிருந்து காபி கிடையாது. கை நடுங்குமாம். அதனால் காலையில் யார் பேசினாலும் எரிந்து விழுவார். இந்த வருடம் அந்தச் சிடுசிடுப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதற்குக் காரணம் காபி இல்லை என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று மாதம் முன்பு கண் டாக்டர் அவரது வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை பழுத்துக்கிட்டு வருது, எடுத்துடலாம்" என்றார். "போட்டி முடியட்டும்" என்று இவர் தள்ளிப் போட்டார். மனைவியிடம், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கேப்டன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கண் என்றால் தாட்சண்யமே பார்க்க மாட்டார். ஒருமுறை அணியை விட்டு எடுத்துவிட்டால், அறுபத்து மூன்று வயது ஆளைத் திரும்பச் சேர்க்க யார் காத்திருக்கிறார்கள்? துப்பாக்கியில் குறி பார்க்கும் பின்துளை வழியே பார்த்தால் அட்டையின் கறுப்பு வட்டம் இன்னும் தெரிந்தது, புகை படிந்த மாதிரி. அது போதும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

வேன் வெளியூர்த் துப்பாக்கிக் கிளப் வாசலில் நின்றது. இருபத்திரண்டு வருடமாக வருகிற இடம். முதல் வருடம் வந்தபோது இது ஒரு பழைய தகரக் கொட்டகை. அன்றைக்கு மழை. கூரை ஒழுகி, படுத்துச் சுடுவதற்கான அவருடைய விரிப்பு நனைந்துபோக, பக்கத்து விரிப்பில் படுத்திருந்த அம்மாள் தன்னுடையதை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "தம்பி, இதுல படுங்க. ஈரத்துல படுத்துத் தோத்தீங்கன்னா, ஜெயிச்சும் எனக்குத் திருப்தி இருக்காது" என்றாராம். அந்த அம்மாள் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் அக்கா, இவர் தம்பி. வருடத்தில் ஒரே ஒரு நாள் உறவு. விருந்தாளி அணியில் ஒருவர், கிளப்பில் ஒருவர் என்று ஜோடி போடும்போது இந்த ஜோடியை மட்டும் யாரும் மாற்றுவதில்லை: இவருக்கு ஐந்தாம் எண், அக்காவுக்கு ஆறு.

இப்போது கொட்டகை போய் நல்ல கட்டடம் வந்துவிட்டது. சிமெண்டுத் தரை, நாற்காலிகள், சூடான தேநீர். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் துப்பாக்கி எண்ணெயும் வெடிப்புகையும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது. லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்று மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார். எத்தனை பேர் இருந்தார்கள் இங்கே! முறுக்கு மீசைத் தையல்காரர், குண்டு வெடிக்கும்போதெல்லாம் தானே திடுக்கிடும் கணக்கு வாத்தியார், தோற்றால் ஒரு வாரம் பேசாத பேருந்து நடத்துநர். இப்போது ஒருவரும் இல்லை. அவர்கள் படுத்த இடங்களில் புது ஆட்கள் படுத்திருந்தார்கள். எல்லோருமே நல்லவர்கள்தான்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அட்டை மாட்டியிருக்கிறது. பதினேழு வருடம் முன்பு லிஃப்ட்காரர் சுட்டது. பத்துக் குண்டு சுட்டார். அட்டையில் ஒன்பது ஓட்டைதான் இருந்தது. ஒன்று அட்டையிலேயே படவில்லை என்று கிளப் ஆட்கள் சொல்ல, ஒரே ஓட்டையில் இரண்டு போயிருக்கிறது என்று விருந்தாளிகள் சொல்ல, ஒரு மணி நேரம் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. கடைசியில் எதிராளியான அக்காதான், மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். "ஓரத்தைப் பாருங்க, லேசா நீண்டிருக்கு. ரெண்டு குண்டுதான்" என்றார். அந்தத் தீர்ப்பால் அன்றைக்கு அக்காவின் கிளப் ஒரு புள்ளியில் தோற்றது. சட்டம் போட்டு மாட்டியதும் அவர்தான்.

இந்த வருடம் அக்கா தனியாக வரவில்லை. கூடவே மகள் வந்திருந்தாள். அம்மாவின் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக் காவல் காக்க வந்திருக்கா" என்றார் அக்கா, விரிப்பை உதறிக்கொண்டே. "போன மாசம் அடுப்பை அணைக்க மறந்துட்டேன். இன்னொரு நாள் கடைக் கதவைத் திறந்து போட்டுட்டே வீட்டுக்குப் போயிட்டேன். எழுபது வயசு, கடையை மூடிடலாம்மாங்கறா. இன்னும் ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா சரின்னு நானும் வாக்குக் குடுத்திருக்கேன்."

"மறதி யாருக்குத்தான் இல்லக்கா?"

"மருந்துக்கடைக்காரிக்கு இருக்கக் கூடாது தம்பி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தோட்டாக்களை எடுத்து வைக்கும்போது, முன்பெல்லாம் செய்யாத மாதிரி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வைத்தார்.

ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேட்டுக்கு முன்னால் மரச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கீழே ஒரு சின்ன அட்டை, மேலே ஒரு பெரிய அட்டை, அதற்கும் மேலே எண் பலகை. சின்னது சோதனைக்கு. எத்தனை வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம், யாரும் எண்ண மாட்டார்கள். பெரிய அட்டையில் பத்தே பத்து. அப்படி ஆளுக்கு இரண்டு சுற்று. கிளப் செயலாளர் "சுடலாம்" என்று குரல் கொடுத்தார்.

ஏழு குண்டு வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. எட்டாவதற்கு முன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. லிஃப்ட்காரர் கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி குனிந்தார். துப்பாக்கி முனை வளையத்துக்குள் கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்தது. மேலே எண் பலகை வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி, விரலை அழுத்தினார். அருமையான அடி, நடு மையம் என்று அவர் கை சொன்னது.

இடது கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துப் பார்த்தார். தன் அட்டையில் ஏழு ஓட்டை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஏழுதான். மெல்லத் தொலைநோக்கியைப் பக்கத்து அட்டைக்குத் திருப்பினார். அங்கே நடு மையத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

அடுத்தவர் அட்டையில் சுட்டுவிட்டால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கிளப்பிலும் அதுதான் வழக்கம். சுட்டவருக்கு அந்தக் குண்டுக்குச் சைபர், மற்றவருக்கு நஷ்டமில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இவரே பாடம் எடுத்திருக்கிறார்: "முதல்ல நம்பரைப் பாரு, அப்புறம் வட்டத்தைப் பாரு." இப்போது கை தூக்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் கண். கண் என்றால் அடுத்த வருடம் இந்த வாசலில் நின்று மூச்சை இழுக்க முடியாது. கை மார்புவரை வந்தது. பொத்தானைத் தொட்டுவிட்டுக் கீழே போயிற்று. மீதி இரண்டையும் சுட்டு முடித்தார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. முடியும்வரை தொலைநோக்கியைத் தொடுவதே இல்லை அவர். "பார்த்தா மட்டும் ஓட்டை நகரவா போகுது?" என்பார்.

நீளமேசையில் அட்டைகளைப் பரப்பி, செயலாளர் ஊசிமுனையால் எண்ணினார். ஆறாம் அட்டைக்கு வந்ததும் இரண்டாவது தடவை எண்ணினார். பிறகு மூன்றாவது தடவை.

"பதினொண்ணு இருக்கே" என்றார் தயங்கி.

"பத்துதானே சுட்டேன்" என்றார் அக்கா. "பத்துதான் எண்ணினேன்." பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "சோதனைக்குச் சுடறதா நினைச்சு, பெரிய அட்டையில விட்டுட்டேன் போலிருக்கு."

மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கோபமே இல்லை அவளிடம். "பரவாயில்லம்மா. வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். அந்த மென்மையைப் பார்க்கத்தான் லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை.

இதற்குள் கேப்டன் ஐந்தாம் அட்டையைப் பார்த்துவிட்டார். "ஒன்பது ஓட்டை! யோவ், பழைய வித்தையை மறுபடியும் காட்டிட்டாரு மனுஷன்!" என்று முதுகில் ஒன்று வைத்தார். ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். செயலாளர் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். அக்கா மகளின் கையை விலக்கிவிட்டு வந்து, அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடி கேட்கவில்லை.

"ரெண்டு போயிருக்கும்" என்றார். "தம்பி கைக்கு அது வரும். நான் என் கண்ணால பார்த்திருக்கேன். பத்துன்னே போட்டுக்குங்க."

பதினேழு வருடம் முன்பு அந்தக் கண்கள் சரியாகப் பார்த்துச் சொன்ன உண்மை சுவரில் மாட்டியிருக்கிறது. இன்று அதே கண்கள் தம்பியை நம்பி ஏமாறுகின்றன, அக்கா தன்னைத்தான் நம்பவில்லை.

"ரெண்டு போகலக்கா" என்றார் லிஃப்ட்காரர். "ஒண்ணு உங்க அட்டைக்கு வந்துடுச்சு. என் எட்டாவது குண்டு. நடு மையத்துல இருக்கே, அது என்னோடது."

கேப்டன்தான் முதலில் வாய் திறந்தார். "இப்பதான் தெரிஞ்சுதா?"

"சுட்ட உடனே தெரியும்."

"தெரிஞ்சுமா கையைத் தூக்கல?"

"வலது கண்ணுல புரை. நம்பர் தெரியல. மூணு மாசமா மறைச்சு வெச்சிருக்கேன்." அதற்கு மேல் அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ என் கையைப் பிடிச்சா. அதையும் நீங்க பாட்டுக்கு நின்னு பார்த்துட்டுதானே இருந்தீங்க, தம்பி?" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி, இருபத்திரண்டு வருடத்தில் லிஃப்ட்காரர் கேட்டதே இல்லை.

பிறகு அக்கா மகள் பக்கம் திரும்பினார். "அடுப்பு நான்தான். திறந்து கிடந்த கதவும் நான்தான். இது நான் இல்ல."

"சரிம்மா."

"சரிம்மான்னு நோயாளிகிட்ட சொல்ற மாதிரி சொல்லாத. ஒழுங்கா சொல்லு."

மகள் அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நீங்க இல்லம்மா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. "நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

செயலாளர் ஐந்தாம் எண்ணுக்கு நேரே ஒரு சைபரை எழுதினார். லிஃப்ட்காரர் தன் இடத்துக்குப் போய், முழங்காலிட்டு விரிப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். கேப்டன் தடுக்கவில்லை. பாதி சுருட்டியபோது விரிப்பின் அடுத்த முனையை யாரோ மிதித்தார்கள். அக்கா.

"எங்க கிளம்பியாச்சு? இன்னும் ஒரு சுற்று இருக்கு."

"வேண்டாம்க்கா. மறுபடியும் உங்க பக்கம் வந்துட்டா?"

"வந்தா நான் எண்ணிக்கிறேன். படுங்க."

கேப்டன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் விரிப்பைப் பிரித்துப் படுத்தார். பக்கத்தில் அக்காவும் முழங்கால் வலியை வைதுகொண்டே படுத்தார். தூரத்தில் புது அட்டைகள் வரிசையாக வெள்ளையாகத் தெரிந்தன. எல்லாம் ஒன்று போல இருந்தன.

"தயார்" என்றார் செயலாளர்.

அக்கா தன் துப்பாக்கியைத் தொடவில்லை. வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் ஐந்தாம் எண் அட்டையைக் காட்டினார். தம்பியின் குழல் தேடித் தேடி அதன் மேல் வந்து நிலைக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.