முனியாண்டி ஊதித் தீர்த்த சிகரெட்

ஒன்பது வயதில் எனக்கு முனியாண்டி சாமியின் மேல் பொல்லாத கோபம். எங்கள் கடையில் விற்க வந்த ஒரு பெட்டி சிகரெட்டை ஒரே மத்தியானத்தில் ஊதித் தீர்த்துவிட்டாரே என்றுதான்.

அப்பா இறந்த பிறகு, குருபோங்கில் அம்மா நடத்திய மளிகைக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. கடைக்கு இடம் பார்த்ததும் அலமாரி அடித்துக் கொடுத்ததும் சித்தப்பா. அதனால் அவரிடம் அம்மா எதையும் மறுத்துப் பேசியதில்லை. ஒரு சனிக்கிழமை அவர் லோரியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினார்.

“பாதி வெலைதான் அண்ணி. கல்லாவுக்கு அடியில வெச்சு வித்துடலாம்லா. எல்லாக் கடையிலயும் ஓடுது.” என் பக்கம் திரும்பி, “வித்து முடிச்சா பாப்பாவுக்குச் சைக்கிள்” என்றார்.

அம்மா ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். வரி முத்திரை இல்லாத கள்ளச் சிகரெட். பிடிபட்டால் கடை லைசன்ஸ் போய்விடும். எனக்கோ சைக்கிளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. “வெச்சிட்டுப் போங்க தம்பி” என்றார் அம்மா.

மறுநாள் சிம்பாங் அம்பாட் தோட்டத்துக் கோயிலில் முனியாண்டிக்குப் படையல். எல்லோரும் சாமிக்கு ஒன்றிரண்டு சுருட்டுதான் பற்றவைப்பார்கள். அம்மா முழுப் பெட்டியையும் கொண்டுபோய் சாமியின் காலடியில் வைத்துவிட்டார்.

சித்தப்பா ஓடி வந்தார். “அண்ணி, என்னா இது?”

“கடைக்கு வந்த புதுச் சரக்கு தம்பி. சாமிக்குன்னு நேர்ந்துக்கிட்டேன்.”

சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பூசாரி சிகரெட்டுகளைக் கொளுத்தி மண்ணில் வரிசையாக நட்டார். மீதியை அம்மாவே நெருப்பில் கொட்டினார். சித்தப்பா இருமிக்கொண்டே கும்பிட்டார். நான் சைக்கிளை நினைத்து அழுதேன்.

அடுத்த மாதம் சுங்கத்துறை அதிகாரிகள் எங்கள் கடை வரிசையில் புகுந்தார்கள். பக்கத்துக் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். எங்கள் கல்லாவுக்கு அடியில் அவர்களுக்கு ஒரு பழைய துடைப்பம்தான் கிடைத்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா ஒரு சிவப்புச் சைக்கிளோடு வந்தார். அம்மாவைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றார். அம்மா அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்தார்.

“சிகரெட்டே விக்கலையே, சைக்கிள் எப்படிச் சித்தப்பா?”

“முனியாண்டி குடுத்தாரு பாப்பா.”

நான் நம்பினேன். சாமியைப் பெரிய மனதோடு மன்னித்து, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அம்மா எனக்குப் பின்னால் நின்று தேநீர்க் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார்.