பாரீஸ் நேரத்தில் ஒரு விஜயதசமி

பாரீசின் புறநகரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், காரைக்காலிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்து, ராகுகாலக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி. நம்பிக்கை என்பதைவிட, தேதி, கிழமை, நேரம் என்று எது அச்சாகியிருந்தாலும் படிக்காமல் விட முடியாத குணம் எனக்கு. சென்ற மாதம் எங்கள் வட்டாரத்து நடனப் பள்ளியின் செயலாளர் மதாம் ஓதில் வீட்டுக்கு வந்தார். அந்தக் கட்டத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். தினமும் ஒன்றரை மணி நேரம் எங்கள் ஊரில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “மதிய உணவு இடைவேளை! திங்கட்கிழமை மட்டும் ஏன் காலை ஏழரைக்கே வருகிறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கள் தொழிற்சங்கம் வாங்கித் தந்ததா?” என்று மரியாதையோடு கேட்டார். ஆமாம் என்றேன். உடம்பில்லாத ஒரு தலை சூரியனைத் துரத்துவதைச் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு வளரவில்லை. புரட்சிக் காலத்தில் வாரத்துக்குப் பத்து நாள் வைத்து வாழ்ந்து பார்த்த நாடு இது. எங்கள் ஒன்றரை மணி நேரம் இவர்களுக்குப் பெரிதில்லை.

மதாம் ஓதிலின் பள்ளிக்கு நான் ஓர் இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகளைச் சேர்ப்பது, வருகையைக் குறிப்பது, வராதவர் வீட்டுக்குத் தானாகச் செய்தி அனுப்புவது எல்லாம் அதன் வேலை. இதைக் கேள்விப்பட்ட என் தங்கை வசந்தா விடவில்லை. காரைக்காலில் பரதம் சொல்லித் தருகிறாள். அவளுடைய வருகைப் பதிவு முழுக்க ஞாபகத்தில் நடந்தது. தகவல் தொடர்பு ஒரு வாட்ஸப் குழுவில் நடந்தது, அதில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வகுப்பு ரத்தான சேதி யார் கண்ணிலும் பட்டதில்லை. வீட்டுக் கூடத்திலிருந்து பள்ளியைக் கிளப்பி, யூசுப் பாயின் கடைக்கு மேல்மாடி முழுவதையும் அப்போதுதான் வாடகைக்குப் பிடித்திருந்தாள். விஜயதசமிக்குச் சேரும் பிள்ளைகள் நிலைத்தால்தான் அந்த மாடி நிலைக்கும். “இந்த வருசம் எல்லாம் ஒழுங்கா இருக்கணும்ண்ணே, நீயே வந்து போட்டுக் குடு” என்றாள். மதாம் ஓதிலின் செயலியைப் பிரதியெடுத்துத் தமிழாக்கி, லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

பிரான்சில் நடனம் கற்க வருகிறவர்கள் செப்டம்பர் முழுக்க ஒவ்வொருவராக, முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டு, யோசித்து, மருத்துவச் சான்று வாங்கிச் சேர்வார்கள். காரைக்காலில் எல்லோரும் ஒரே நாளில் வந்துவிடுவார்கள். அந்த விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிப்படி முழுக்கச் செருப்பு. வெற்றிலை பாக்கு பழத் தட்டுகளோடு அம்மாக்கள், புதுப் பாவாடை சரசரக்கப் பிள்ளைகள். செயலியை இணையத்தில் ஏற்றுவதும் ஒரு தொடக்கம்தானே என்று வசந்தா என் மடிக்கணினிக்குச் சந்தனம் வைத்தாள். ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்து, ‘அ’ என்ற எழுத்து ஒருமுறை தட்டினால் எட்டுமுறை வந்தது. அகிலா என்ற குழந்தையைச் சேர்க்கவே கொஞ்ச நேரமாயிற்று.

பிள்ளைகள் வரிசையாகச் சேர்ந்தார்கள். நல்வரவுச் செய்தி வந்து அம்மாக்களின் கைபேசிகள் ஒவ்வொன்றாக மணியடித்தன. எல்லோரும் சிரித்தார்கள். ஜெயா அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறவர் அவர். சனி பகவானை நம்பி அறை வாடகைக்கு விடுகிறவரிடம் கிரகங்களைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியாது.

“டீச்சர், நாங்க வந்ததே அஞ்சு மணிக்கு மேல. இதுல ‘சேர்ந்த நேரம் வியாழன் 13:42’ன்னு வந்திருக்கு. வியாழக்கிழமை ஒண்ணர டு மூணு என்ன நேரம்னு தெரியும்ல?”

எல்லா அம்மாக்களும் கைபேசியைக் குனிந்து பார்த்தார்கள்.

“என்னாண்ணே இது?” என்றாள் வசந்தா.

“ஒண்ணுமில்லம்மா. சர்வர் பிரான்ஸ்ல இருக்கு. அது அந்த ஊரு மணியைக் காட்டுது, அவ்வளவுதான்.”

“அப்ப எம் பொண்ணு பேரு எங்க இருக்கு?” என்றார் ஜெயா அம்மா.

“பிரான்ஸ்லதாங்க.”

“பாத்தீங்களா! புள்ள இங்க நல்ல நேரத்துல நிக்குது, பேரு அங்க ராகுகாலத்துல ஏறியிருக்கு.”

விழிதியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மெதுவாக, “அந்த ஊர்ல சேத்துட்டா பாஸ்போர்ட்டு எடுக்கணுமாங்க?” என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர், “எடுத்தா நல்லதுதானேக்கா, பின்னால ஒதவும்” என்றார்.

ஜெயா அம்மா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். “பேரை எடுத்துடுங்க டீச்சர். அடுத்த தெரு கிளாஸ்ல இன்னும் சேத்துக்கிட்டிருக்காங்க. கோவிச்சுக்காதீங்க.” அவர் மகள் கிளம்பினால் திருநள்ளாற்றுப் பிள்ளைகள் எல்லோரும் கிளம்புவார்கள், அவர்கள் வந்ததே அவருடைய வேனில்தான். வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் மேல்மாடி வாடகை முழுவதும் இருந்தது.

அந்த நேரத்தில் யூசுப் பாய் மேலே வந்தார். படியில் கிடக்கும் செருப்புகளைப் பற்றிச் சண்டை போட வந்தவர், கதையைக் கேட்டதும் செருப்பை மறந்துவிட்டார்.

“இதுக்கா இம்புட்டு சத்தம்? நான் துபாய்ல எத்தனையோ வருசம் நோன்பு புடிச்சிருக்கேன்மா. நிக்கிற ஊர்ல சூரியன் எப்ப எறங்குதோ அப்பத்தான் தொறப்பு. காரைக்கால்ல பாங்கு சொல்லிட்டாங்கன்னு அங்க நான் பேரீச்சம்பழத்த வாயில போட முடியுமா?”

இத்தனை வருடம் காலண்டர் கிழித்ததன் பலன் எனக்கு அப்போதுதான் கிடைத்தது. ராகுகாலமும் சூரியக் கணக்குதானே! பகலை எட்டாகப் பங்கிட்டால் வியாழனுக்கு ஆறாவது பங்கு. ஆறு மணிக்கு விடியும் நம் ஊரில் அது ஒன்றரைக்குத் தொடங்கும். அக்டோபரில் பாரீசில் விடியவே எட்டு மணி ஆகிவிடும். கைபேசியில் கணக்குப் போட்டேன்.

“அம்மா, அந்த ஊர்ல இன்னைக்கு ராகுகாலம் மூணு மணிக்கு மேலதாங்க. நம்ம புள்ளைங்க எல்லாம் அதுக்கு முன்னாடியே சேந்தாச்சு.”

ஜெயா அம்மா யோசித்தார். “அங்க ராகுவும் லேட்டாத்தான் எந்திரிக்குமா?”

“அந்த ஊர்ல எல்லாமே லேட்டுதாங்க.”

“ரெண்டு ஊர்லயும் தப்பிச்சிருச்சுன்னு சொல்லுங்க” என்று தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். ஆனாலும் லாட்ஜ் நடத்துகிறவர். பேச்சை மட்டும் நம்பிச் சாவி கொடுக்க மாட்டார். “இருக்கட்டும். நம்ம ஊரு மணிக்கு மாத்திட்டு, யாரையாவது ஒரு ஆளைச் சேத்துக் காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்.”

சர்வரின் நேரத்தைக் காரைக்காலுக்கு மாற்றினேன். சேர்ப்பதற்குப் பிள்ளைகள் யாரும் மிச்சமில்லை. யூசுப் பாயைப் பார்த்தேன். அவர் படியிறங்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியின்றி என் பெயரையே தட்டினேன். முருகையன், ஆரம்பநிலை வகுப்பு. பெற்றோர் கைபேசி என்ற இடத்தில் என் எண்ணையே போட்டேன். கைபேசி மணியடித்தது: ‘நல்வரவு. உங்கள் பிள்ளை முருகையன் சேர்ந்த நேரம்: வியாழன் 18:45.’

ஜெயா அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் கைபேசியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். “அரைமண்டி உக்காருவீங்களா தம்பி?” என்றார். மாடி அதிரச் சிரிப்பு. வசந்தா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையும் அடுத்த தெருவுக்குப் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு கணக்கைச் சரிபார்த்தேன். காரைக்காலில் ஆறே முக்கால் என்றால் பாரீசில் மூணேகால். ஆக, அன்று சேர்ந்தவர்களில் பிரெஞ்சு ராகுவிடம் சிக்கியவன் நான் ஒருவன்தான். பெயரை நீக்கிவிடலாம் என்று போனபோது வசந்தா கையைப் பிடித்தாள். “விஜயதசமி அன்னைக்கு ஏத்துன பேரை அழிப்பாங்களா? கெடக்கட்டும்ண்ணே.”

கிடக்கிறது. சனிக்கிழமை மதியம், இங்கே நான் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்கும்போது, காரைக்காலில் ஆரம்பநிலை வகுப்பு தொடங்கும். கைபேசி மணியடிக்கும்: ‘உங்கள் பிள்ளை முருகையன் இன்று வகுப்புக்கு வரவில்லை. காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.’ சாயங்காலம் மறுபடியும் அடிக்கும். மதாம் ஓதிலின் பள்ளியிலும் சோதனைக்காக என்னை டாங்கோ வகுப்பில் சேர்த்திருந்தேன். மிஸ்யூ முருகையன் அங்கேயும் அப்சான், அதாவது ஆப்சென்ட். இரண்டு செயலியிலும் அதே மூன்று காரணங்களைத்தான் வைத்திருக்கிறேன்: உடல்நலமில்லை, பரீட்சை, ஊரில் இல்லை. மதியம் மூன்றாவதைத் தொடுகிறேன். சாயங்காலமும் அதையேதான் தொடுகிறேன்.

வசந்தா ஒன்றும் கேட்பதில்லை. மதாம் ஓதில்தான் போன வாரம் போன் செய்தார். “மிஸ்யூ, ஊரில் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். காலையில் ரொட்டிக் கடையில் பார்த்தேனே, அது நீங்கள் இல்லையா?”