சித்தியின் கண்ணுக்கு ஒரு பைனாகுலர்

சித்தி ஆயத்த ஆடை ஆலையிலிருந்து ஓய்வுபெற்று வெளியே வந்தது ஒரு புதன்கிழமை. சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பதுதான் இத்தனை காலமும் அவள் வேலை. மூக்குக்கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. சூப்பர்வைசர் "தெரியுதா?" என்று கேட்கும்போதெல்லாம், இல்லையென்றால் வேலை போய்விடும் என்று பயந்து "தெரியுது" என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

சில மாதம் கழித்து, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பினேன். பையைக்கூடப் பிரிக்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் பிடித்து, பைனாகுலர் வாங்க வேண்டும் என்றாள். ஏரிக்கரையில் பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்திருந்தாள். இரவல் பைனாகுலரில் அவளுக்குக் கருப்பு வளையம்தான் தெரிந்ததாம். மற்றவர்கள் பறவையை ரசிக்க, இவளும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். இனியும் அப்படி நடிக்க வேண்டுமென்றால் போகவே மாட்டேன் என்றாள்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் இருபது மடங்கு பெரிதாகக் காட்டுவதை நீட்டினார். சித்தி பிடித்ததும் எதிர்க்கட்டடமே ஆடியது.

"இதுல பூகம்பம்தான் பாக்கலாம் தம்பி."

கண்ணாடி அலமாரியில் இருந்ததன் விலையைப் பார்த்து இருவரும் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தோம். நடுத்தர விலையில், எட்டு மடங்கு காட்டும் ஒன்று கைக்கு அடக்கமாக இருந்தது.

"தெரியுதாம்மா?" என்றார் கடைக்காரர்.

"நல்லா தெரியுது."

எனக்கு எப்போது கிளம்புவோம் என்றிருந்தது. பணத்தைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் சித்தியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எதிர்மாடிக் கொடியில் என்ன காய்கிறது என்று கேட்டேன்.

"துணி."

"என்ன துணி?"

"துவைச்ச துணி."

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சித்தி, இங்க உன்னை யாரும் வேலையவிட்டுத் தூக்கப்போறதில்ல. தெரியலன்னா சொல்லு."

பைனாகுலரை இறக்காமலே சொன்னாள்:

"ஒண்ணும் தெரியலடி. சுத்திக் கருப்பா இருக்கு."

கடைக்காரர் அதை வாங்கி, கண் வைக்கும் இடத்திலிருந்த ரப்பர் வளையங்களை உள்ளே திருகினார். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அவை தாழ்ந்திருக்க வேண்டுமாம்; சொல்ல மறந்துவிட்டாராம். சித்தி மறுபடியும் பார்த்தாள். இந்த முறை அவளாகவே பேசினாள்.

"ரெண்டு போர்வை, ஒரு சட்டை. சட்டைல மேல் பட்டன் இல்ல."

அதையே வாங்கினோம். அடுத்த வாரம் நான் மறுபடி கிளம்பிவிட்டேன்.

மழைக்காலமெல்லாம் முடிந்தபின், ஏதோ ஓர் ஊரில் பேருந்து வராத எரிச்சலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, சித்தியிடமிருந்து செய்தி வந்தது:

"இன்னிக்கு முதல்ல பாத்தது நான்தான். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என்ன பறவைன்னு மட்டும் கேக்காத."