ஆடு ஏறிய கம்பெனி பஸ்

போன வாரம் பர்கூரில் ஒரு பேக்கரிக்கு டீ குடிக்கப் போனேன். சுவரில், நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் காலண்டர். முழங்கால் வெள்ளத்தில் எங்கள் பஸ் நிற்கிற படம். கீழே கொட்டை எழுத்தில் ‘பேரிடரில் மக்களோடு நாங்கள்’. நாங்களாம், நாங்கள்! எந்த நாங்கள்?

பார்த்ததுமே ஈர ஆட்டு நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த பஸ்ஸில் ஆடும் ஏறியது.

அப்போது போச்சம்பள்ளிப் பக்கம் அந்தக் கம்பெனியின் தையல் பிரிவில் எனக்கு வேலை. காலை ஷிப்டுக்கு எங்கள் ஐம்பது பெண்களையும் ஏற்றிப் போகிறவர் டிரைவர் மாதேசண்ணன். யாராவது ஓடி வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துவார். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் நான் தினமும் வீட்டில் தலை பின்னிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷம் புயல் மழை மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் விடியலில் வழியிலிருந்த ஏரி உடைந்திருந்தது. ஊருக்குள் எங்கும் தண்ணீர். பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து ஜனங்கள் கையாட்டினார்கள்.

“அண்ணா, வண்டியத் திருப்புண்ணா!” முதலில் கத்தியது நான்தான். பிறகு எல்லோரும் கத்தினோம்.

அவர் மணி பார்த்தார். “வேல போச்சுன்னா அப்புறம் அழக்கூடாது” என்று சொல்லி ஊருக்குள் திருப்பினார்.

மேட்டிலிருந்த கல்யாண மண்டபத்துக்கு நாலு நடை அடித்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் வரைக்கும் இடுப்புத் தண்ணீரில் வரிசையாக நின்று குழந்தைகளைக் கைமாற்றினோம். எங்கள் டிபன் பாக்ஸ் அத்தனையும் மண்டபத்தில் காலி. ஒரு தெலுங்குக்காரர் மட்டும், “மேக லேகுண்டா நேனு ரானு” என்று அடம்பிடித்தார். ஆடு வராமல் வரமாட்டாராம்.

“அதையும் ஏத்துங்கம்மா, அதுவும் உசுருதானே” என்றார் மாதேசண்ணன். சூப்பர்வைசர் சீட்டில் ஆடு ஜம்மென்று வந்தது.

மறுநாள் ஆபீசில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் கேட்டார்: “வண்டியத் திருப்பச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். நானாத்தான் போனேன். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க” என்றார் மாதேசண்ணன்.

அனுமதியில்லாமல் தடம் மாறினார், சீட்டை அசிங்கப்படுத்தினார் என்று எழுதி அன்றைக்கே அவரை வெளியே அனுப்பினார்கள். எங்கள் ஐம்பது பேர் வேலை தப்பித்தது. அத்தனை கத்துக் கத்திய என் வாய் அங்கே திறக்கவே இல்லை. கம்பெனி மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என் மேல்தான். பிறகு அவர் கிரானைட் லாரி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

அன்றைக்கு அசிங்கமாகிப்போன பஸ் இன்றைக்கு இவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. வெட்கங்கெட்டவர்கள்! காலண்டரில் டிரைவர் சீட் இருக்கிற இடத்தில் கம்பெனி முத்திரையைப் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

இப்போது எல்லா பஸ்ஸிலும் ஜிபிஎஸ். தடம் மாறினால் உடனே ஆபீசிலிருந்து போன் வரும். போன மழையில் அதே ஏரி மறுபடியும் உடைந்தது. கம்பெனி பஸ்கள் எல்லாம் சரியான நேரத்துக்கு பாக்டரி கேட்டுக்குள் போய்விட்டனவாம்.