கிறஷரடியில் என் மகனின் வேலை

1

அரியாலையில் ஓர் ஐஸ் பக்டரியில் முப்பத்தொரு வருடம் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலை அந்த பக்டரி முதலாளி எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உங்கடை மோன் மூண்டு நாளா உள்ளுக்கை வாறானில்லை. கேற்றடியிலை காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறான். மற்றப் பெடியள் பயப்பிடுறாங்கள். இந்தக் கிழமைக்குள்ளை ஒரு முடிவு சொல்லுங்கோ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு எல்லா ஒழுங்கும் நானே செய்து வைத்திருந்தேன்.

2

என் மகன் குகனுக்கு முப்பது வயது. கம்பஸில் படிக்கும்போது வருத்தம் தொடங்கியது. ஆளில்லாத இடத்தில் ஆட்கள் ஏசுவது அவனுக்குக் கேட்கும். மாதம் ஒருதரம் யாழ்ப்பாணத்தில் கிளினிக், ஊசி, தினமும் குளிசை. எட்டு வருடம் வீட்டிலிருந்தவனுக்கு, முதலாளியின் கையைக் காலைப் பிடித்துக் கிறஷரடியில் வேலை வாங்கினேன். கிறஷர் உடைத்துத் தள்ளும் ஐஸைப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் அள்ளிப் போடவேண்டும். கிளினிக் நாளைத் தவிர நாலு மாதம் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

பயம் எனக்குத்தான். குளிசை போட்டால் நித்திரை தூங்கும். கிறஷரின் பல்லுக்கு ஐஸும் கையும் ஒன்றுதான். அந்த இரைச்சலில் நல்ல மூளையே கலங்கும் என்றும் நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். முதலாளியிடம் சொல்லி, பெட்டி மூடிக்கு ரேப் ஒட்டும் பின்னறைக்கு அவனை மாற்றுவித்தேன். அமைதியான அறை. இரண்டு கிழமைதான் போனது, போன் வந்துவிட்டது.

3

கேற்றடிக்குப் போய் முதலில் ஏசினேன். குளிசை போட்டாயா, யார் என்ன சொன்னது என்று அடுக்கிக்கொண்டு போனேன். அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

"அப்பா, மிசின் ஓடேக்கை என்னை ஏசுறவை கதைக்கிறது எனக்கு விளங்காது. நீங்கள் விட்ட அறையிலை எல்லாம் வடிவாக் கேக்குது."

ஸ்குறூட்றைவரை மிசினில் முட்டவைத்து மறுமுனையில் காதை வைத்து, உள்ளே எந்தப் பெயரிங் தேய்ந்து போகிறது என்று சொல்லுகிறவன் நான். இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சத்தத்துக்கை விட்டால் சுகமோ? எனக்கெண்டால் விளங்கேல்லை அண்ணை. சரி, ஒரு மாதம் பாப்பம்."

கிறஷர் வாய்க்குக் கம்பி வலை அடித்துக் கொடுத்தேன். குகன் பழைய இடத்துக்குப் போனான். அதே கிழமை டொக்டர் ஊசியின் அளவையும் கூட்டினார். ஆறு மாதமாக ஒழுங்காக வேலைக்குப் போகிறான். சத்தம் காரணமா, ஊசி காரணமா? டொக்டரைக் கேட்டேன். இரண்டுமாக இருக்கலாம் என்றார். குழப்பம் தீரவில்லை.

4

போன மாதம் அவனுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் பழுது. கொம்பிறசரும் கிறஷரும் நின்றன. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க வெளியே போனார்கள். குகனின் முகம் வெளிறியது.

"அப்பா, ஏதாவது கதையுங்கோ."

என்னத்தைக் கதைப்பது? குளி, சாப்பிடு, குளிசை போடு என்பதைத் தவிர இத்தனை வருடத்தில் அவனோடு நான் எதுவும் கதைத்ததில்லை. வாயில் வந்ததைத் தொடங்கினேன். ஐஸை உறையவைக்கும் அமோனியா கொம்பிறசரிலிருந்து எப்படிப் போகிறது, எங்கே குளிர்கிறது, எங்கே திரும்புகிறது என்று குழாய் குழாயாகச் சொன்னேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் வர நாற்பது நிமிடமானது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இப்படிப் பிள்ளை உள்ளவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவனுக்கு எது நல்லதென்று முடிவெடுக்குமுன் அவனைக் கேளுங்கள். நான் இல்லாத நாளில் கரண்ட் போனால் அவனோடு யார் கதைப்பார்கள்?