சுருட்டை நீரஜா

சைதாப்பேட்டையில் பஸ் ஏறும்போதே நீரஜாவின் தலையில் ஒரு பழைய டி-ஷர்ட் முண்டாசு கட்டியிருக்கும். கணவருடையது. கைப்பகுதி இரண்டையும் பிடரியில் முடிச்சுப் போட்டிருப்பாள். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். ஈரத் தலையில் காற்று அடித்தால் முடி உப்பிவிடும் என்று நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “இன்னாக்கா, தலைல அடியா?” என்று ஒரு புது கண்டக்டர் பரிதாபமாகக் கேட்டார். “அடியெல்லாம் இல்லண்ணா, முடி. டிக்கெட்ட குடு” என்றாள்.

தி.நகரில் இறங்கி, வேலை செய்யும் பியூட்டி பார்லரின் மாடிப்படிக்குக் கீழே நின்று முண்டாசை அவிழ்ப்பாள். குனிந்து தலையை ஒரு உதறு உதறி நிமிர்ந்தால், தோள்வரை கருகருவென்று சுருள் சுருளாக விழும். என் தலையிலும் சுருட்டைதான், அதனால் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்: இந்த ஊர் வேர்வையில் அப்படி ஒரு தலையை வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்கெல்லாம் பத்து மணிக்குள் தலை தேங்காய் நார் ஆகிவிடுகிறது.

அவள் வைத்தியம் எல்லாம் வீட்டுச் சாமான்தான். ஆளி விதையைக் கொதிக்கவைத்து, கொழகொழவென்று வருவதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஈரத் தலையில் பூசிக் கையால் கசக்கிக் கசக்கி விடுவாள். ஒரு நாள் அதைக் கஞ்சி என்று நினைத்து மாமியார் உப்புப் போட்டுக் குடித்துவிட்டார். “வயிறு நல்லாத்தான் கீதுன்னு சொன்னாங்க” என்கிறாள். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீர்தான். இதற்காக வீட்டில் நடந்த சண்டையை ஒரு மெகா சீரியலாக எடுக்கலாம். தலையணை உறைகூட ரங்கநாதன் தெருவில் வாங்கிய வழவழப்பான லைனிங் துணியில் அவளே தைத்தது.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்குச் செய்யும் வேலை என்ன தெரியுமா? அடுத்தவர் முடியை நேராக்குவது. மருந்து தடவி, சூட்டு இடுக்கியால் இழுத்து, மழையில் நனைந்த காக்கை மாதிரி வழித்து விடுகிற வேலை. அதிலும் கெட்டிக்காரி. நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கண்ணாடியில் இவள் தலையைப் பார்த்துத் திகைப்பார்கள். “நீங்களே பண்ணிக்கலையா?” என்று ஒரு பெண் கேட்டபோது நான் முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். “எனுக்குப் புடிக்கல மேடம். உங்குளுக்குப் புடிச்சிகீது, நல்லா பண்ணி வுடறேன், நேரா உக்காருங்க” என்றாள் நீரஜா. அந்தப் பெண் உடனே நேராக உட்கார்ந்தார்.

பார்லர் முதலாளி சந்திரிகா மேடத்துக்கு இதுதான் தீராத தலைவலி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சொந்தக் கையால் கடையை நிமிர்த்திய அம்மாள். கறாரானவர், கெட்டவர் இல்லை. “ஏட்டி, மிட்டாய்க் கடைக்காரி இனிப்பு ஆகாதுன்னு சொன்னா எவ வாங்குவா?” என்பார். ஒரு தீபாவளிக்கு போனஸோடு சேர்த்து இலவசமாக முடியை நேராக்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். “அதுக்கு பதிலா ஒரு பொடவ குடுத்துடுங்க மேடம்” என்று இவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டார் எல்லோரும் சேர்ந்து அவள் முடியை நேராக்கி விட்டார்களாம். “ஆல்பத்த தொறந்து பாருக்கா. என் புருசன் கீறாரு, எங்கம்மா கீறாங்க. நான் இல்ல. வேற எவளோ எம் பொடவய கட்டிக்கினு நிக்கறா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சென்ற ஆவணியில் விவகாரம் முற்றியது. அடையாறில் புதுக் கிளை திறக்கப்போகிறார்கள், ஊழியர்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து வாசலில் மாட்டப்போகிறார்கள், அதற்குள் நீரஜா தலையை நேராக்கியாக வேண்டும் என்றார் மேடம். அதே வாரம்தான் மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து ஃப்ளாட் யாமினியின் கல்யாணம். அவளும் சுருட்டை. ரிசப்ஷனுக்குச் சுருளாகவே விட வேண்டும், நேராக்கினால் மேடை ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளைக் கொண்டுபோய் நீரஜாவிடம் விட்டவள் நான்.

மேக்கப்புக்கு மேடம், முடிக்கு நீரஜா என்று முடிவாயிற்று. மேடம் என் எதிரிலேயே சொன்னார்: “பொண்ணு வீட்டுல ஒரு முணுமுணுப்பு வந்துச்சுன்னாலும், மறுநாள் காலையில நீ என் நாற்காலியில உக்காரணும். என் கையால இழுத்து விடுவேன். மாட்டேன்னா வேற கடை பாத்துக்கோ. முணுமுணுப்பு வரலன்னா, அப்புறம் உன் தலையப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்.” நீரஜா ஒரு நிமிடம் யோசித்தாள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு இந்த வேலையில்தான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். “சரி மேடம்” என்றாள்.

ரிசப்ஷன் அன்று மாலை மண்டபத்து மாடி அறையில் யாமினியின் தலையை அலசி, ஆளி விதைக் கொழகொழப்பைப் பூசி, விரலால் ஒவ்வொரு சுருளாகச் சுற்றி விட்டாள். காற்றிலேயே காயட்டும், காயும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அறையில் இருந்த அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். மேடம் மேக்கப்பை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். நாங்கள் இருவரும் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினோம். அதுதான் தப்பு.

திரும்பி வந்தால், யாமினியின் அத்தை சம்பா மாமி பல் நெருங்கிய சீப்பை வைத்துக்கொண்டு, முடியை முக்கால்வாசி வாரி முடித்திருந்தார். பாதி காய்ந்த சுருட்டையைச் சீப்பால் வாரினால் என்ன ஆகும் என்று சுருட்டைக்காரர்களுக்குத் தெரியும். பெண்ணின் தலை பஞ்சு மெத்தை பிரிந்த மாதிரி நாலா பக்கமும் நின்றது. யாமினி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மை கலையக் கூடாதே என்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். “கொழந்தைக்குத் தலையெல்லாம் ஒரே சிக்கு. இப்படியே விட்டுண்டு மேடை ஏறினா நாலு பேர் என்ன சொல்லுவா? அதான் எடுத்துவிட்டேன். இன்னும் படிய மாட்டேங்கறது!” என்றார் மாமி. அத்தனையும் பாசம். கீழே மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

நீரஜா அந்தச் சீப்பை மெதுவாக மாமியின் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வழியே வெளியே போட்டாள். அப்புறம் கடகடவென்று வேலை நடந்தது. பெஞ்சில் யாமினியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலை மட்டும் பக்கெட்டுக்கு மேல் தொங்கும்படி இழுத்தாள். நெற்றியில் ஒரு துண்டை அணை மாதிரி மடித்து வைத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை மாமிக்குக் கொடுத்தாள். “ஒரு சொட்டு மூஞ்சில எறங்கக் கூடாது மாமி. நீங்கதான் பாத்துக்கணும். ரெண்டு கையும் துண்டுலயே இருக்கட்டும்.” மாமி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைத் திறந்து ஊற்றி, திரும்ப முதலிலிருந்து பூசி, கசக்கி, சுற்றி முடித்தாள்.

காய வைக்க நேரம் இல்லை. டிரையரை நேராகக் காட்டினால் சுருள் கலைந்துவிடும். டிரையர் முனையில் மாட்டிக் காற்றைப் பரப்பி விடுகிற மூடி பார்லரிலேயே கிடக்கிறது. “அக்கா, ஓடு. சமையல்காரங்க கிட்ட பூந்திக் கரண்டி வாங்கிக்கினு வா. எண்ண இல்லாம கழுவுனது” என்றாள். ஓடினேன். சுருள்களைக் கொத்துக் கொத்தாக அந்தக் கரண்டியில் ஏந்தி, கீழிருந்து ஓட்டை வழியே மெல்லிய சூட்டுக் காற்றை விட்டாள். கரண்டி சுட்டது. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாளே ஒழிய, அவசரப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். “இதோ வந்துண்டே இருக்கா” என்று மாமிதான் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

கதவைத் திறந்தபோது வெளியே சந்திரிகா மேடம், வாயில் பீடாவோடு நின்றிருந்தார். யாமினி வெளியே வந்தாள். கொடிமுந்திரிக் குலை மாதிரி முதுகு நிறையச் சுருள்கள், லேசான ஈரத்தில் பளபளத்துக்கொண்டு. மேடம் பெண்ணை ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்புறம் நம்பாதவர் மாதிரி, ஒரு சுருளைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

நீரஜா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“காயல மேடம்.”

மேடம் தன் கையைப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிற கை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். நீரஜாவின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் பிடி தளரவில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “தீர்க்காயுசா இரும்மா” என்று இரண்டு கையையும் பெண்ணின் தலைமேல் வைக்க வந்தார்.

மேடம் சட்டென்று இன்னொரு கையை நீட்டி அவரை மறித்தார். “ஆசீர்வாதம் தூரத்துல இருந்தே பண்ணுங்கய்யா. தலையத் தொடப்படாது.”

அதைக் கேட்ட பிறகுதான் நீரஜா மேடத்தின் மணிக்கட்டை விட்டாள்.