தேதிக்கு முன்னால் இரண்டு இடைவெளி

நான் எழுதிய நிரலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் என் டீம் லீட். சர்வரில் குவியும் பதிவுகளைச் சலித்துப் பிழைகளை மட்டும் காட்டும் சின்ன நிரல் அது. ஈஜிபுரா வாடகை வீட்டில், தண்ணீர் லாரிச் சத்தத்துக்கு நடுவே, சனி ஞாயிறுகளில் எழுதியது. ஏன் சார் என்று கேட்டதற்கு அவர் கன்னடம் கலந்து சொன்னார்: "டீம் வொர்க்தானேம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பண்ணிக்கொள்ளவில்லை. வேலையை விட்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் கூடவே வந்தது.

அந்த எரிச்சலில்தான் ஒரு திறந்த மூல இயங்குதளத்துக்குச் சம்பளமில்லாமல் பேக்கேஜ் செய்ய, அதாவது மென்பொருள்களை அதில் நிறுவத் தோதாகக் கட்டித் தரப் போனேன். அதைச் சேவை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எழுதியவர்கள் பெயரெல்லாம் இல்லாமல் எந்த மென்பொருளும் அங்கே உள்ளே போக முடியாது என்று கேள்விப்பட்டேன்; எனக்கு அது போதும். ஆனால் என் முதல் பேக்கேஜே திரும்பி வந்தது. "கடைசி வரியைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். என்னென்ன மாற்றினோம் என்று எழுதிச் சேர்க்கும் மாற்றக் குறிப்பின் கடைசி வரியில், மின்னஞ்சல் முகவரிக்கும் தேதிக்கும் நடுவே இரண்டு இடைவெளி வேண்டுமாம். நான் ஒன்றுதான் விட்டிருந்தேன்.

சில வருடங்களில், புதியவர்களின் பேக்கேஜைச் சரிபார்த்து ஏற்றும் உரிமை எனக்கும் கிடைத்தது. ஒரு நாள் வரிசையில் என் நிரலே வந்து நின்றது. அனுப்பியவர் என் பழைய டீம் லீட். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. எழுதிய எல்லோர் பெயரும் வேண்டும் என்று எழுதி, கீழே சரிபார்த்தவர் என்று என் பெயரைப் போட்டுத் திருப்பினேன்.

சாயங்காலமே போன் வந்தது.

"ஏம்மா, நீதானா அது? பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத. இது உள்ள போயிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். கொஞ்சம் பாத்து ஏத்திடும்மா."

"ரூல் சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அடுத்த வாரம் பேக்கேஜ் மறுபடி வந்தது. முதலில் என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், அவரே தட்டியது. அதற்குக் கீழேதான் அவர் பெயர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தேதிக்கு முன்னால் ஒரே ஓர் இடைவெளிதான் இருந்தது. விசையை ஒரு தட்டுத் தட்டி நானே சரிசெய்திருக்க முடியும்.

"கடைசி வரியைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். அவரும் கொஞ்சம் விளக்கெண்ணெய் வாங்கட்டும்.